உப்புக்காற்றில் அம்பாசிடரும் மாருதி 800-ம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான தேவிபட்டினத்தில். வாசலில் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. ஒன்று அப்பா 1985-ல் வாங்கிய டீசல் அம்பாசிடர். இன்னொன்று நான் 2003-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய 1996 மாடல் மாருதி 800. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கடற்கரையில் பழைய கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டில் எது நல்ல கார்?

தினமும் ஓட்ட 800. இடமும் பொறுமையும் இருந்து, வீட்டில் ஒரு ஆள் மாதிரி வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தால் அம்பாசிடர். பொதுவாகக் கேட்டால் என் பதில் இதுதான்.

ஆனால் நம் பக்கத்தில் இந்தப் பதில் பாதிதான் உதவும். மதுரைக்காரர் பழைய கார் வாங்கும்போது எஞ்சினைப் பார்க்கிறார். நாம் முதலில் தகட்டைப் பார்க்க வேண்டும். எஞ்சினை இறக்கி சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுவிடலாம், கியர் பாக்ஸை மாற்றிவிடலாம். அடித்தகடு இத்துப்போனால் அந்தக் காரில் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் வீண். இரண்டு கார்களுக்குமே லாரி மாதிரி தனிச் சட்டம் கிடையாது, பாடியே சட்டமாக நிற்கிறது. அதனால் கீழ்த்தகடு போனால் காரின் பலமே போச்சு.

எந்தக் காரைத் தொடர்ந்து நல்ல தண்ணீரில் கழுவி வைத்திருந்தார்களோ அதை எடுங்கள். பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

இரண்டும் எந்தக் காலத்துக் கார்கள்?

அம்பாசிடர் பிறந்த கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே ஓடிய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற காரை அடிப்படையாக வைத்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் செய்ய ஆரம்பித்தது. மார்க் 1-லிருந்து மார்க் 4 வரை, அப்புறம் நோவா, இசுஸு எஞ்சின் போட்ட 1800 என்று முகப்பும் எஞ்சினும் மாறினவே தவிர, அந்தக் குண்டு உடம்பு மாறவே இல்லை.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பர் 14. முதல் காரின் சாவியைக் கொடுத்தவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. 1986-ல் உருவம் மாறியது. இன்று தெருவில் நாம் பார்க்கும் 800 எல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டாவது உருவம்தான்.

கால் நூற்றாண்டு இடைவெளியில் பிறந்த இரண்டும் ஒரே வருஷத்தில் நின்றன. 2014 ஜனவரியில் 800, மே மாதத்தில் அம்பாசிடர்.

நம் ஊர்க் கணக்கில் இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. அதற்கு முன் ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் மட்டும்தான். எங்கள் ஊர்க் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கோயிலான நவபாஷாணத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ராமேஸ்வரம் போகும் சொந்தக்காரர்களை அப்பா அம்பாசிடரில் மண்டபம் ஊர் வரை கொண்டுபோய் விடுவார். கார் அங்கே மர நிழலில் நிற்கும், ஆட்கள் ரயிலில் போவார்கள். பாலம் திறந்த பிறகு அதே காரில் கடலுக்கு மேலே போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாலத்தின் உச்சியில் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அப்பா மட்டும் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 800-ஐ ஓட்டும் தலைமுறைக்கு அந்தக் கடல் வெறும் 2 கிலோமீட்டர் சொச்சம் ரோடு.

எண்களில் சொன்னால் வித்தியாசம் எவ்வளவு?

அம்பாசிடர் 4.3 மீட்டர் நீளம், 1,100 கிலோவுக்கு மேல் எடை. 800 சுமார் 3.3 மீட்டர், 650 கிலோ. பழைய டீசல் அம்பாசிடரில் 1489 சிசி எஞ்சின், 800-ல் மூன்று சிலிண்டரோடு 796 சிசி. இரண்டின் திறனும் 40 குதிரைத்திறனுக்குள்தான். ஒன்று அதை வைத்து டன்னுக்கு மேல் இழுக்கிறது, இன்னொன்று அதில் பாதியைத்தான் சற்று மீறி இழுக்கிறது. 800 சிட்டாகப் பறப்பதும் அம்பாசிடர் நிதானமாக வேகம் பிடிப்பதும் இதனால்தான்.

அம்பாசிடரில் பின் சக்கரம் தள்ளுகிறது, 800-ல் முன் சக்கரம் இழுக்கிறது. அம்பாசிடரின் பின்பக்கம் லாரி போலப் பட்டை ஸ்பிரிங். குண்டும் குழியுமான கிராமத்து ரோட்டில் ஆறு பேரோடும் அரிசி மூட்டையோடும் அது போகிற போக்கே தனி.

கடல் காற்று உண்மையிலேயே அவ்வளவு கெடுக்குமா?

கெடுக்கும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள். வருஷம் தவறாமல் ஆட்கள் வைத்துச் சுரண்டிப் பெயின்ட் அடித்துப் பாதுகாத்த பாலம் அது. கடைசியில் 2022 டிசம்பரில் ரயில் போவதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அந்தப் பாலத்து இரும்பின் கனத்துக்கு முன்னால் கார் தகடு காகிதம்.

காற்றில் வரும் உப்பு தகட்டின் மேல் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பகலில் காய்ந்தது போல இருந்தாலும் ராத்திரிப் பனியில் திரும்பவும் ஈரமாகிவிடும். இரும்புக்கும் காற்றுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் துரு நிற்காமல் ஓடும். மழையில் நன்றாக நனைந்த காரைவிட, மழையே படாமல் கடலோரத்தில் ஒரு ஷெட்டில் நிற்கும் காரின் அடிப்பகுதி மோசமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மழை கொஞ்சமாவது உப்பைக் கழுவிவிடுகிறது.

எந்தப் பக்கக் கடல் என்பதும் கணக்குதான். ராமேஸ்வரத்தில் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தெற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி, ஆடியில் தெற்குக் கரைக்காரர்களுக்குச் சாரல். ஏர்வாடி, கீழக்கரை, தங்கச்சிமடத்தின் தென்பக்கம் எல்லாம் அதில் அடக்கம். வாடை தொடங்கியதும் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என எங்கள் பக்கம் வாங்குகிறது. நான் வாடைக்காலத்தில் இரண்டு கார்களையும் வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி நிறுத்துவேன். இந்த ஒரு பழக்கத்திலேயே நல்ல வித்தியாசம் தெரிந்தது.

அம்பாசிடர் தகடு கனம் அதிகம். அப்போது துருவும் குறையத்தானே வேண்டும்?

இந்த நம்பிக்கையில் ஏமாந்தவர்கள் அதிகம். நானும் அதில் ஒருவன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

கனமான தகடு இத்துப்போக நாளாகும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கனமே துருவை நீண்ட நாள் மறைத்து வைக்கிறது. அம்பாசிடரில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி இருக்கிறதே, அதன் உள்ளே வெளிச்சமே போகாது. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. நம் ஊர் மணலும் சருகும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளேயே தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயின்ட்டில் ஒரு கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

2008-ல் ஒரு பட்டறையில் எங்கள் அம்பாசிடரை டிங்கரிங் வேலைக்கு விட்டோம். பளபளவென்று திரும்பி வந்தது, அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு மழைக்காலம் போனது. ஒரு நாள் பஞ்சர் பார்க்க ஜாக்கியைக் கொடுத்து ஏற்றினேன். ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை. குனிந்து பார்த்தால், ஜாக்கி முனை பிஸ்கட்டுக்குள் விரல் போவது போல உள்ளே போயிருந்தது. துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே பட்டி என்ற பூச்சுக் களிம்பைத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கை நிறையத் துருத்தூளும் பட்டித் துண்டும் உதிர்ந்தன. அப்பா அதில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். பிறகு ராமநாதபுரத்தில் ஒரு பாய், கெட்ட இரும்பை முழுசாக வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். “தம்பி, புண்ணு மேல பவுடர் போட்டா ஆறுமா?” என்று கேட்டார். அந்தக் கார் இன்றும் அந்த வெல்டிங்கில்தான் நிற்கிறது.

800-ன் தகடு மெலிசு. அதில் துரு சீக்கிரம் வரும், சீக்கிரம் தெரியவும் செய்யும். முன்னாலேயே பார்த்துவிட்டால் சின்ன வேலையோடு போய்விடும்.

வாங்கப் போகும்போது எங்கெங்கே பார்க்க வேண்டும்?

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் கீழ் ஓரம், சக்கரத்தின் மேல் வளைவு, டிக்கியின் அடி என்று மெதுவாக நகர்த்துங்கள். நல்ல தகட்டில் கப்பென்று பிடிக்கும். பட்டி தடித்திருந்தால் பிடி விட்டு நழுவும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

800-ல் கால் மிதிக்கும் இடத்து ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். என் 800-ஐ வாங்கிய பிறகுதான் நான் தூக்கினேன். மேலே கறுப்பு ரப்பர் மேட், அதன் கீழே பழைய சணல் மாதிரி ஒரு விரிப்பு. அது ஈரமாக இருந்தது. மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது, ஆனாலும் ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. மீன் கூடை ஏற்றிய வண்டி என்று பிறகு தெரிந்தது. ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் வடிந்து அந்த விரிப்பில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டுநர் பக்கம் தகட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. விரிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வெட்டி ஒட்டி, இப்போது வெறும் ரப்பர் மேட்தான். அதையும் வாரம் ஒரு தடவை தூக்கிக் காயவிடுகிறேன்.

இரண்டிலும் ஸ்டெப்னி கிடக்கும் இடத்தையும் பேட்டரி உட்காரும் தட்டையும் பாருங்கள். அப்புறம் சேஸிஸ் நம்பர். அது பொறித்திருக்கும் இடம் துருவில் மங்கிவிட்டால் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது பெரிய தலைவலி. ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

கழுவினால் போதுமா? எங்கள் ஊரில் போர் தண்ணீரே உப்பாயிற்றே?

இந்தக் கேள்வியைக் கேட்பவரைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றுவது நம் பக்கம் நடக்கும் பெரிய தப்பு. கழுவிய கையோடு கார் பளபளக்கும், காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்த வெள்ளை எல்லாம் உப்பும் சுண்ணாம்பும்.

குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊரில் காருக்கு நல்ல தண்ணீர் கேட்பது எனக்கும் உறுத்தும். அதனால் மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து மூடி வைத்துவிடுவேன். மேலே ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிடித்து வைத்த தண்ணீர் முழுவதும் அடிப்பகுதிக்கும் சக்கர வளைவுக்குள்ளும் போக வேண்டும். கை ஸ்பிரேயர் இருந்தால் 800-க்கு இரண்டு குடம், அம்பாசிடருக்கு நான்கு குடம் தாராளம். தனுஷ்கோடி போய்வந்தால் மறுநாள் காலைக்குள் கட்டாயம் அடித்துவிடுவேன்.

ரேடியேட்டருக்கும் இதே பேச்சுதான். அம்பாசிடரின் பழைய எஞ்சின் முழுக்க வார்ப்பிரும்பு. போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே பாறை கட்டிச் சூடேறும், ஆனாலும் கொஞ்ச நாள் தாங்கும். 800-ன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் அதை அரிக்கும், சூடு மிஞ்சினால் ஹெட் வளையும். கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கழிவு ஆயிலை அடியில் அடிக்கலாமா?

வேண்டாம். வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசிக் காப்பாற்றிய ஊர் என்பதால் எண்ணெய் பூசினால் இரும்பும் பிழைக்கும் என்று நினைக்கிறோம். கழிவு ஆயிலில் எஞ்சினின் அமிலமும் கரியும் இருக்கும். ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, மணலையும் ஒட்டி வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து, முழுசாகக் காயவிட்டு, மெழுகு வகை அண்டர்கோட்டிங் அடிப்பதே சரி. ஈரத்தின் மேல் தார் மாதிரி தடிமனாக அடித்துவிட்டால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு இன்னும் வேகமாக அரிக்கும்.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய காருக்கு ஒத்துக்கொள்ளுமா?

இரண்டும் 20 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்த வண்டிகள் அல்ல. பழைய ரப்பர் ஹோஸ், கார்பரேட்டர் கேஸ்கட், பம்பு டயஃபிரம் எல்லாம் இளகும் அல்லது வெடிக்கும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் பொருள், நம் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. நாள்பட நின்ற டேங்கில் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் இறங்கித் தகட்டை அரிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள், பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்காதீர்கள். எங்கள் அம்பாசிடர் டீசல் என்பதால் இந்தக் கவலை 800-க்கு மட்டும்தான்.

நான் துபாயில் இருக்கிறேன். வருஷத்தில் ஒரு மாதம்தான் ஊர். எதை வாங்கலாம்?

கீழக்கரை, பெரியபட்டினம் நண்பர்கள் அதிகம் கேட்பது இதுதான். ஓட்ட ஆள் இல்லாமல் நிறுத்தி வைப்பதாக இருந்தால் இரண்டுமே வேண்டாம், விடுமுறைக்கு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டித்தர அண்ணனோ மச்சானோ இருந்தால் 800 வாங்குங்கள். கீழக்கரையின் பழைய குறுகிய தெருக்களில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான அதன் அகலம் பெரிய உதவி.

பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்க்கும். காற்றில் படபடக்கும்போது நடுவில் மாட்டிய மணல் பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.

தனுஷ்கோடி மணலில் இறக்கி ஓட்டலாமா?

கூடாது. அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டது, அதிலேயே போய்வாருங்கள். மணலில் இறக்கினால் அம்பாசிடரின் எடை புதையும், 800-ன் சின்ன 12 அங்குலச் சக்கரமும் புதையும். பிரேக் டிரம்முக்குள் உப்பு மணல் புகுந்தால் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பாம்பன் பாலத்தில் காற்றுக்கு 800 ஆடுமா?

ஆடும். காற்று பலமாக இருக்கும் நாளில் எதிரே பஸ் வந்து கடந்துபோகும்போது ஸ்டியரிங்கில் இழுப்பு தெரியும். நாற்பதுக்கு மேல் போகாதீர்கள். அம்பாசிடர் அசையாது, ஆனால் பழைய டிரம் பிரேக் என்பதால் முன்னால் போகும் வண்டிக்குத் தாராளமாக இடம் விட வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ் எதுவும் இந்த இரண்டிலும் கிடையாது. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

15 வருஷம் தாண்டிய காரை ஓட்டவே கூடாதாமே?

அந்தத் தடை டெல்லி வட்டாரத்தைப் பற்றிய பேச்சு. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரை 15 வருஷம் முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, தகுதி பார்த்து, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். பழசாகப் பழசாகக் கட்டணம் கூடுகிறது. போவதற்கு முன் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

50 வருஷம் தாண்டிய, மாற்றம் செய்யாத காருக்கு விண்டேஜ் பதிவு என்று 2021-ல் தனி விதி வந்தது. பழைய மார்க் 2 வைத்திருப்பவர்கள் அதை விரும்பிக் கேட்கிறார்கள். அந்தப் பதிவை எடுத்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்கு முடியாது. கடைவீதிக்கு எடுத்துப்போக ஆசை இருந்தால் சாதாரணப் புதுப்பிப்பே நல்லது.

பாகங்கள் கிடைக்கின்றனவா?

800-க்கு ராமநாதபுரத்திலேயே பெரும்பாலும் கிடைக்கும். டைமிங் பெல்ட்டை மட்டும் பழையதை நம்பி ஓட்டாதீர்கள், வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். அம்பாசிடருக்கு மதுரை வரை போக வேண்டியிருக்கும். கை தேர்ந்த மெக்கானிக்குகளுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. தெரிந்தவர் இருக்கும்போதே பக்கத்தில் நின்று கிரீஸ் அடிப்பதையும் பிரேக் அட்ஜஸ்ட் செய்வதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் வாங்குவது நல்லது?

மார்கழியில், மழை விட்ட வாரத்தில். எங்கே ஒழுகுகிறதோ அங்கே இன்னும் ஈரம் இருக்கும், ரப்பர் மேட்டுக்கு அடியில் கையை விட்டால் தெரிந்துவிடும். சித்திரையில் எல்லாக் காரும் காய்ந்து கிடக்கும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்ஃப் எடுக்கிறதா என்று பார்க்கலாம், விற்பவர் காரைக் கழுவி நிறுத்துவதற்கு முன்பும் பார்த்துவிடலாம்.